உட்கார்ந்தா வலி, எழுந்தா குத்தல்: வால் எலும்பு வலியை முழுசா புரிஞ்சுக்கலாம்

போன எபிசோட்ல கழுத்து வலியைப் பத்திப் பேசினோம். அதுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. ஆனா யாருமே அதை கமென்ட்ல கேக்கல, தனியாத்தான் கேட்டிருந்தாங்க. "ப்ரோ, உட்கார்ற இடத்துல, நடுவுல, ஒரு எலும்பு வலிக்குது. மாசக்கணக்கா இருக்கு. இதை யார்கிட்ட காட்டுறதுன்னே தெரியல."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இன்னைக்கு எபிசோட். இந்த வலி உயிருக்கு ஆபத்தானது இல்ல. ஆனா வெளியில சொல்லக் கூச்சப்பட்டே பல பேர் ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு ஓட்டிடறாங்க. நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் எழுதுறவன். இங்க சொல்லப்போறது இந்த வலி எப்படி வருது, எதை எதோட குழப்பிக்கிறோம், சிகிச்சை எந்த வரிசையில போகும்ங்கிறதுதான். டாக்டர் முன்னாடி உட்காரும்போது சரியான கேள்வியைக் கேட்க இது உதவும்.

அந்த எலும்பு என்ன வேலை செய்யுது?

முதுகுத்தண்டோட கடைசி நுனியில, ரெண்டு பிட்டத்துக்கும் நடுவுல, மலத்துவாரத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கறதுதான் வால் எலும்பு. டாக்டர்கள் காக்சிக்ஸ்னு சொல்லுவாங்க. அதுல வர்ற வலிக்கு காக்சிடைனியான்னு பேரு. காக்சிக்ஸ்ங்கிறது கிரேக்க மொழியில குயிலைக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்தது. பக்கவாட்டுல பார்த்தா இந்த எலும்பு குயிலோட அலகு மாதிரி வளைஞ்சிருக்கும், அதனால அந்தப் பேரு.

இது ஒரே எலும்பு இல்ல. 3-ல இருந்து 5 குட்டி எலும்புகள், பெரும்பாலானவங்களுக்கு 4. சிலருக்கு இவை ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும், சிலருக்கு நடுவுல அசையக்கூடிய மூட்டு இருக்கும். இந்த வித்தியாசம் பின்னாடி முக்கியமா வரும், ஞாபகம் வெச்சுக்கங்க.

கருவுல இருக்கும்போது நமக்கு ஒரு சின்ன வால் உண்டு, அது மறைஞ்ச பிறகு மிச்சம் இருக்கறது இதுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். அதனால "இது வேலை இல்லாத எலும்பு"ன்னு ஒரு நினைப்பு நம்மள்ல பல பேருக்கு இருக்கு. உண்மையில இது ஒரு ஆணி மாதிரி. சுவத்துல ஒரே ஆணியில நாலு கயிறு கட்டியிருந்தா எப்படி இருக்கும், அப்படி. பிட்டத்தோட பெரிய தசை இதுல ஒரு பக்கம் ஒட்டியிருக்கு. மலம், சிறுநீரை அடக்க உதவுற இடுப்புத் தளத் தசைகளும், மலத்துவாரத்தைச் சுத்தி வர்ற தசைநாரும் இதுலதான் வந்து சேருது. எலும்புக்கு முன்னாடி ஒரு நரம்பு முடிச்சும் இருக்கு. அதுக்குப் பேரு கேங்லியான் இம்பார். சிகிச்சையைப் பத்திப் பேசும்போது அதுகிட்ட திரும்பி வருவோம்.

உட்காரும்போது உள்ள என்ன நடக்குது?

நாம நேரா உட்காரும்போது உடம்போட எடை ரெண்டு எலும்பு மேல இறங்குது. நாற்காலியில உட்கார்ந்து கையை அடியில வெச்சுப் பார்த்தா பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு முண்டு தட்டுப்படும், அதுதான். இப்ப அப்படியே பின்னாடி சாஞ்சு, இடுப்பை முன்னாடி சறுக்கி, சோபாவுல சரிஞ்சு உட்காருங்க. இப்ப எடை மூணா பிரியுது, மூணாவது புள்ளி வால் எலும்பு. ஸ்டூலுக்கு மூணு கால் மாதிரி. ஆனா இந்த மூணாவது கால் அந்த அளவு எடையைத் தாங்குறதுக்கு உண்டான கால் இல்ல.

கட்டில்ல சாஞ்சு மடியில லேப்டாப், பீன் பேக், ஆபீஸ் நாற்காலியில பாதி படுத்த நிலை. நம்ம தலைமுறை உட்கார்ற ஸ்டைலே கிட்டத்தட்ட அந்த மூணாவது கால் மேலதான்.

இன்னொரு விஷயம், உட்காரும்போது இந்த எலும்பு சும்மா இருக்காது, கொஞ்சம் அசையும். பாரிஸைச் சேர்ந்த டாக்டர் ழான்-ஈவ் மெய்ன்ய் 1990-கள்ல எளிமையான ஒரு யோசனை பண்ணாரு. நோயாளியை நிக்க வெச்சு ஒரு எக்ஸ்-ரே, அப்புறம் வலிக்கிற மாதிரியே உட்கார வெச்சு இன்னொரு எக்ஸ்-ரே. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பார்த்தாரு. சாதாரணமா உட்காரும்போது இது 5 டிகிரியில இருந்து 25 டிகிரி வரைக்கும் வளையும். 25-க்கு மேல வளைஞ்சா அது அளவுக்கு மீறின அசைவு. சிலருக்கு உட்கார்ற நொடியில மூட்டு விலகி எலும்பு பின்னாடி தள்ளிப்போகுது, நின்னா திரும்ப இடத்துக்கு வந்துடுது. இன்னும் சிலருக்கு அசைவே இல்ல, ஆனா எலும்பு நுனியில முள் மாதிரி ஒரு சின்ன வளர்ச்சி இருக்கும், அது உட்காரும்போது தோலை உள்ளிருந்து குத்தும்.

2000-ல அவரும் கூட வேலை செஞ்சவங்களும் வெளியிட்ட ஆய்வுல 208 நோயாளிகளைப் பார்த்தாங்க. அதுல சுமார் 69 சதவீதம் பேருக்கு இப்படி ஏதாவது ஒரு தெளிவான காரணம் கிடைச்சது. உடல் எடைக்கும் காரணத்துக்கும் தொடர்பு இருந்தது. எடை அதிகமா இருக்கறவங்களுக்கு எலும்பு பின்னாடி விலகுறது அதிகம், ரொம்ப ஒல்லியா இருக்கறவங்களுக்கு அந்த முள் வளர்ச்சி அதிகம்.

நம்மை மாதிரி டீபக் பண்றவங்களுக்கு இது உடனே புரியும். பிரச்சினை வர்ற நிலையில வெச்சுப் பார்த்தாத்தான் பிழை தெரியும். படுக்க வெச்சு எடுக்கிற ஸ்கேன்ல எல்லாம் ஒழுங்கா இருக்கற மாதிரியே தெரியலாம், ஏன்னா படுத்திருக்கும்போது பல பேருக்கு அந்த வலியே இருக்காது.

யாருக்கு, எதனால வருது?

ஆண்களை விட பெண்களுக்கு இது சுமார் 5 மடங்கு அதிகம்னு மருத்துவ நூல்கள் சொல்லுது. காரணங்களை ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

முதல்ல, விழறது. மழைக்கால மாடிப்படி, சோப்புத் தண்ணி சிந்தின பாத்ரூம், யாரோ விளையாட்டா நாற்காலியை இழுத்தது. பின்பக்கமா பொத்துன்னு விழும்போது அடி நேரா அந்த எலும்பு மேல. தசை நசுங்கலாம், மூட்டு விலகலாம், எலும்பு முறியலாம். முறிஞ்சாலும் இதுக்கு மாவுக்கட்டு போட முடியாது. பெரும்பாலானவங்களுக்கு சில வாரங்கள்ல இருந்து சில மாசங்களுக்குள்ள தானா ஆறிடும். 2 அல்லது 3 மாசத்துக்கு மேல நீடிச்சாத்தான் அதை நாள்பட்ட வலின்னு சொல்றாங்க.

ரெண்டாவது, பிரசவம். குழந்தையோட தலை வெளிய வரும்போது வால் எலும்பைப் பின்னாடி தள்ளும். பிரசவம் கஷ்டமா இருந்தாலோ ஆயுதம் போட்டு எடுத்தாலோ பாதிப்பு வர வாய்ப்பு கூடும். அதுக்கப்புறம் வர்ற வலியை "குழந்தை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லி ஒதுக்கிடறது நம்ம வீடுகள்ல சகஜம். பாலூட்ட ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்காரணும்னு யோசிச்சுப் பாருங்க. ஒதுக்கக்கூடாத வலி இது.

மூணாவது, சின்னச் சின்ன அடி திரும்பத் திரும்ப. சைக்கிள், துடுப்புப் படகு ஓட்டுறவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம். நம்ம ஊர்ல அந்த இடத்துல பைக்கை வெச்சுப் பாருங்க. தெரியாம ஏறுற ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரும், பஸ்ஸோட கடைசி சீட்டுல வாங்குற ஒவ்வொரு குலுக்கலும் அந்த எலும்புக்கு ஒரு தட்டு. ஏற்கெனவே வலி இருக்கறவங்க கடைசி சீட்டையும் பில்லியன் சீட்டையும் கொஞ்ச நாள் தவிர்க்கறது நல்லது.

நாலாவது, எடை. அதிகமா இருந்தாலும் பிரச்சினை, சீக்கிரமா நிறையக் குறைச்சாலும் பிரச்சினை. பிட்டத்துல இருக்கற கொழுப்பு ஒரு இயற்கையான மெத்தை. அது திடீர்னு குறைஞ்சா எலும்பு நேரா நாற்காலியில படும்.

அஞ்சாவது, இடுப்புத் தளத் தசைகளோட இறுக்கம். நாள்பட்ட மலச்சிக்கல், முக்கி முக்கிப் போற பழக்கம், தொடர்ந்து பதற்றத்துல இருக்கறது, இதெல்லாம் அந்தத் தசைகளை இறுக்கமாவே வெச்சிருக்கும். ஆணியில கட்டின கயிறு எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்தா ஆணிக்கு என்ன ஆகும்? அதேதான்.

சிலருக்கு இதுல எதுவுமே பொருந்தாது. காரணம் தெரியாததால வலி பொய்யாயிடாது.

இது வால் எலும்பு வலிதானா?

அடையாளம் ஓரளவுக்குத் தெளிவானது. ஒரே ஒரு விரலால "இங்கதான்"னு தொட்டுக் காட்ட முடியும், அழுத்தினா சுரீர்னு இருக்கும். உட்கார உட்கார கூடும், குறிப்பா கடினமான இடத்துல. உட்கார்ந்து எழுற அந்த நொடியில ஒரு குத்து வரும், இது முக்கியமான தடயம். நடந்தா, படுத்தா குறையும். சிலருக்கு மலம் போகும்போதும் உடலுறவின்போதும் வலிக்கும்.

கிட்டத்தட்ட அதே இடத்துல வலி தர்ற வேற பிரச்சினைகளும் இருக்கு. பிட்டப் பிளவுக்கு மேல தோல்ல ஒரு சின்ன துளை, வீக்கம், சீழ், துணியில கறைன்னா அது பைலோனிடல் சைனஸா இருக்கலாம். உள்ள முடி சிக்கி வர்ற பிரச்சினை அது, இளம் ஆண்களுக்குத்தான் அதிகம். இரண்டாம் உலகப் போர்ல ஜீப்ல குலுங்கிக் குலுங்கிப் போன அமெரிக்க வீரர்களுக்கு இது நிறைய வந்ததால அதுக்கு ஜீப் நோய்ன்னே பேரு வந்தது. மலம் போகும்போது கத்தியால கிழிக்கிற மாதிரி வலி, கூட ரத்தம்னா அது ஆசனவாய் வெடிப்பா இருக்கலாம். வலி கால் வழியா கீழ இறங்கினா முதுகுத்தண்டு டிஸ்க்கைப் பார்க்கணும். காலையில எழுந்ததும் இடுப்பு அரை மணி நேரத்துக்கு மேல இறுகிப்போய், நடமாட நடமாட சரியாகுதுன்னா, அது மூட்டு அழற்சி நோயா இருக்கலாம், ருமட்டாலஜிஸ்ட்கிட்ட போகணும்.

ஏன் இவ்வளவு தாமதமாகுது?

என் டீம்ல ஒருத்தருக்கு நடந்ததைச் சொல்றேன். அவர் அனுமதியோட, பேர் இல்லாம. உட்கார்ந்தா வலின்னு போனார். "எங்க வலி?"ன்னு டாக்டர் கேட்டதுக்கு இவர் கூச்சத்துல "இடுப்புல சார்"னு சொன்னார். இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. டிஸ்க் லேசாப் பிதுங்கியிருக்குன்னு ரிப்போர்ட். எட்டு மாசம் அதுக்கே மாத்திரை, பெல்ட், ட்ராக்‌ஷன். வலி அப்படியே இருந்தது. கடைசியில "எல்லாம் ஸ்ட்ரெஸ்தான்"னு முடிச்சாங்க. ஸ்டாண்டப் மீட்டிங்ல மட்டும்தான் அவர் சந்தோஷமா இருப்பார்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். காரணம் அப்ப எங்களுக்குத் தெரியாது.

இதுல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, வழக்கமான இடுப்பு எம்.ஆர்.ஐ. படம் பெரும்பாலும் வால் எலும்பு வரைக்கும் இறங்குறதே இல்ல. அதுக்கு மேலயே முடிஞ்சிடும். அதனால "எம்.ஆர்.ஐ. நார்மல்"னு ரிப்போர்ட் வந்தா, வால் எலும்பு நார்மல்னு அர்த்தம் இல்ல, அதை யாரும் பார்க்கலைன்னுகூட அர்த்தமா இருக்கலாம். ரெண்டு, டிஸ்க் பிதுக்கம்ங்கிறது வலியே இல்லாதவங்களுக்கும் இருக்கும். வலி இல்லாதவங்களோட ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒண்ணு 2015-ல வந்தது. அதுபடி 20 வயசுக்காரங்கள்லயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருக்கு. ஸ்கேன்ல ஒண்ணு கண்ணுல பட்டுச்சுன்னா அதுதான் வலிக்குக் காரணம்னு சொல்லிட முடியாது. லாக்ல முதல்ல கண்ணுல படுற வார்னிங்தான் க்ராஷுக்குக் காரணம்னு முடிவு பண்ற மாதிரி ஆயிடும்.

அவர் அடுத்த டாக்டர்கிட்ட பண்ணினது ஒண்ணே ஒண்ணுதான். திரும்பி நின்னு, விரலால அந்த இடத்தைத் தொட்டு, "இங்க. உட்கார்ந்து எழும்போது"ன்னு சொன்னார். அன்னைக்கே விஷயம் புரிஞ்சது.

எந்த டாக்டர், என்ன பரிசோதனை?

எலும்பு மருத்துவர், அதாவது ஆர்த்தோ, அல்லது வலி சிகிச்சை நிபுணரைப் பார்க்கலாம். முதல் பரிசோதனை கையால அழுத்திப் பார்க்கறது. சில நேரம் உறை போட்ட விரலை மலத்துவாரம் வழியா உள்ள விட்டு, வெளியில கட்டை விரலோட சேர்த்து எலும்பைப் பிடிச்சு அசைச்சுப் பார்ப்பாங்க. எலும்பு எவ்வளவு அசையுது, தசை எவ்வளவு இறுகியிருக்கு, வேற கட்டி ஏதாவது இருக்கான்னு சில நிமிஷத்துல தெரிஞ்சிடும். கேக்கவே சங்கடமா இருக்கும், தெரியும். ஆனா அவங்களுக்கு இது தினசரி வேலை. எதுக்குன்னு முன்னாடியே விளக்கச் சொல்லலாம், கூட ஒருத்தரை வெச்சுக்கலாம், பெண் டாக்டர் வேணும்னு கேக்கலாம். வேண்டாம்னு சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கு.

அடுத்தது எக்ஸ்-ரே. நின்னும் உட்கார்ந்தும் எடுக்க முடியுமான்னு கேளுங்க. எல்லா சென்டர்லயும் இந்தப் பழக்கம் இருக்காது, ஆனா சாதாரண மெஷின்லயே எடுக்கலாம். கட்டியோ தொற்றோ இருக்குமோன்னு சந்தேகம் வந்தா எம்.ஆர்.ஐ. அப்ப "வால் எலும்பு நுனி வரைக்கும்"னு சீட்டுல தெளிவா எழுதியிருக்கான்னு பாருங்க.

சிகிச்சை: படிப்படியா

முதல்ல நல்ல செய்தி. பெரும்பாலானவங்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. அறுவை இல்லாத வழிகள்லயே சுமார் 90 சதவீதம் பேருக்குக் குணம் தெரியுதுன்னுதான் மருத்துவக் கட்டுரைகள்ல பொதுவா சொல்றாங்க. ஆனா பொறுமை வேணும், வாரக்கணக்கு, சில சமயம் மாசக்கணக்கு.

முதல் படி, அழுத்தத்தைக் குறைக்கறது. இதுக்குன்னு குஷன் கிடைக்கும். வாங்கும்போது கவனிங்க, நடுவுல ஓட்டை இருக்கற வட்ட வளையம் வேற, பின்பக்கம் வெட்டு விட்ட குஷன் வேற. வட்ட வளையத்துல பின்பக்க விளிம்பு வால் எலும்பையே அழுத்தலாம். லாடம் மாதிரி பின்பக்கம் திறந்திருக்கறதுல எலும்பு காத்துல நிக்கும். வெட்டு பின்னாடி இருக்கற மாதிரி வெச்சு உட்காரணும்.

உட்காரும்போது இடுப்பைக் கொஞ்சம் முன்னாடி சாய்ச்சு, எடையை அந்த ரெண்டு முண்டு எலும்புகளுக்கும் தொடைக்கும் கொடுங்க. எழும்போது முதல்ல உடம்பை முன்னாடி சாய்ச்சு, பிட்டத்தை இறுக்கிக்கிட்டு அப்புறம் எழுங்க. 20, 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு நிமிஷமாவது நில்லுங்க. விலை உயர்ந்த நாற்காலியால கிடைக்கறதை விட இதுல அதிகம் கிடைக்கும்.

ரெண்டாவது படி, வீட்டு வைத்தியம். விழுந்த முதல் ரெண்டு நாள் துணியில சுத்தின ஐஸ். அதுக்கப்புறம் வெதுவெதுப்பான தண்ணி நிரப்பின டப்ல 15 நிமிஷம் உட்கார்றது தசையைத் தளர்த்தும். கீரை, பழம், தண்ணி, தேவைப்பட்டா டாக்டர் சொல்ற மலமிளக்கி. முக்கறதை நிறுத்தினாலே பாதி இழுவை குறையும். ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை கொஞ்ச நாளைக்கு உதவும். வயித்துப் புண், சிறுநீரகப் பிரச்சினை இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க மெடிக்கல்ல நேரா வாங்கிப் போடக்கூடாது. மத்தவங்களும் வாரக்கணக்கா டாக்டர் இல்லாம தொடரக்கூடாது.

மூணாவது படி, பிசியோதெரபி. இங்க ஒரு பொதுவான தப்பு நடக்குது. இடுப்புத் தளம்னதும் கீகல் பயிற்சின்னு யூடியூப்ல தேடி, தசையை இறுக்கி இறுக்கிப் பழகுறாங்க. தசை ஏற்கெனவே இறுகியிருக்கறதுதான் பிரச்சினைன்னா, அது வலியைக் கூட்டும். அவங்களுக்குத் தேவை தளர்த்துற பயிற்சி: வயிறு உப்புற மாதிரி மெதுவா மூச்சு இழுத்து அடிப்பகுதியைத் தளர விடறது, இடுப்பு, பிட்டத் தசைகளை நீட்டுறது. இதுல பயிற்சி எடுத்த பிசியோதெரபிஸ்ட் பெரிய ஊர்கள்ல இருக்காங்க. "இடுப்புத் தளத்துக்குப் பார்ப்பீங்களா?"ன்னு போன்லயே கேட்டுட்டுப் போங்க. அந்தத் தசைகளையும் எலும்பையும் உள்பக்கமா மசாஜ் பண்ணி விடற முறையும் உண்டு. சிலருக்குப் பலன் தருது, எல்லாருக்கும் இல்ல.

நாலாவது படி, ஊசி. வலிக்கிற மூட்டுலயோ அதைச் சுத்தியோ மரத்துப்போற மருந்தும் ஸ்டீராய்டும் சேர்த்துப் போடுவாங்க. பிரிட்டன்ல 120 நோயாளிகளை வெச்சு நடந்து 1991-ல வெளியான ஒரு ஆய்வுல, ஊசிக்கு மட்டும் சுமார் 60 சதவீதம் பேருக்குப் பலன் கிடைச்சது. ஊசியோட சேர்த்து எலும்பை அசைச்சு விட்டப்ப அது சுமார் 85 சதவீதம் ஆச்சு. இந்த ஊசியில இன்னொரு லாபம், மருந்து போட்ட சில நிமிஷத்துல வலி மறைஞ்சா, வலி அங்கிருந்துதான் வருதுன்னு உறுதியாகுது. இதுக்கும் கேக்கலைன்னா, முன்னாடி சொன்ன கேங்லியான் இம்பார் நரம்பு முடிச்சை மரத்துப்போக வைக்கற ஊசி இருக்கு. எக்ஸ்-ரே உதவியோட வலி சிகிச்சை நிபுணர் போடுவார்.

என் டீம் நண்பருக்கு குஷன், பிசியோ, ஒரு ஊசின்னு போச்சு. இப்ப வலி முழுசாப் போகல. ஆனா ரெண்டு மணி நேரப் படத்தை உட்கார்ந்து பார்க்கறார். அவருக்கு அதுவே பெருசு.

எலும்பையே எடுத்துட்டா?

இதுக்கு ஒரு கதை இருக்கு. 1844-லயே அமெரிக்காவோட அலபாமாவுல ஜோசையா நாட்ங்கிற டாக்டர் வலிக்கிற வால் எலும்பை எடுத்ததைப் பத்தி எழுதியிருக்கார். 1859-ல எடின்பரோவோட ஜேம்ஸ் யங் சிம்ப்சன் இந்த வலிக்குப் பேரே வெச்சார். பிரசவத்துல குளோரோஃபார்ம் கொடுத்துப் புகழ் பெற்றவர் இவர்தான். அதுக்கப்புறம் 20ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல இந்த ஆபரேஷன் ஒரு ஃபேஷன் ஆச்சு. இடுப்பு வலின்னு வந்தவங்களுக்கெல்லாம் வால் எலும்பைக் குறை சொல்லி எடுத்தாங்க. பல பேருக்கு வலி போகல. போகாதுதானே, அவங்களுக்கு வலி வேற இடத்துல இருந்து வந்தது. 1934-ல பாஸ்டன் டாக்டர்கள் மிக்ஸ்டரும் பாரும் டிஸ்க் பிதுங்குறதும் வலிக்குக் காரணம்னு எழுதின பிறகு எல்லார் கவனமும் டிஸ்க் பக்கம் திரும்பிச்சு. வால் எலும்பு ஆபரேஷனுக்குக் கெட்ட பேரு ஒட்டிக்கிச்சு.

இப்ப நிலைமை தலைகீழ். அன்னைக்கு எல்லாப் பழியும் வால் எலும்புக்கு, இன்னைக்கு எல்லாம் டிஸ்க்குக்கு. ரெண்டு தடவையும் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

சரியான ஆளைத் தேர்ந்தெடுத்தா ஆபரேஷன் நல்லாவே வேலை செய்யுது. அந்த 1991 ஆய்வுல கிட்டத்தட்ட 20 சதவீதம் பேருக்கு எலும்பை எடுக்க வேண்டி வந்தது. அவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல வெற்றி. எக்ஸ்-ரேயில தெளிவான விலகலோ முள்ளோ தெரிஞ்சு, மத்த எல்லா வழியும் மாசக்கணக்கா முயற்சி பண்ணி முடிச்சவங்களுக்குத்தான் இது. பெரிய ஆபத்து தொற்று, ஏன்னா காயம் மலத்துவாரத்துக்குப் பக்கத்துல. முழு நிவாரணம் தெரிய பல மாசம் ஆகலாம். அதனால இது கடைசிப் படி.

எப்ப காத்திருக்கக் கூடாது

இதைக் கவனமா கேளுங்க. காய்ச்சலோட வீக்கம், சிவப்பு, சீழ். காரணமே இல்லாம எடை குறையறது. படுத்தாலும் ராத்திரியிலயும் குறையாத வலி. தொட்டா தட்டுப்படுற, வளர்ற கட்டி. மலத்துல ரத்தம். இதுல எது இருந்தாலும் சில நாளுக்குள்ள டாக்டரைப் பாருங்க. வால் எலும்புப் பகுதியில கட்டி வர்றது ரொம்ப அரிது, ஆனா வர முடியும்.

தொடை இடுக்கு, ஆசனவாய்ச் சுத்தி மரத்துப்போறது, சிறுநீர் போக முடியாம போறது இல்ல கட்டுப்பாடு இல்லாம போறது, கால் பலம் குறையறது, இது அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போக வேண்டிய விஷயம். அங்க முதுகுத்தண்டு நரம்புகள் நசுங்கிக்கிட்டு இருக்கலாம். காலையில பார்த்துக்கலாம்னு தூங்கிடாதீங்க.

கடைசியா ரெண்டு வார்த்தை

ஆபீஸ்ல குஷனோட நடந்தா நாலு பேர் பார்ப்பாங்க, ஒருத்தர் ஜோக் அடிப்பார். அடிக்கட்டும். கண்ணாடி போட்டுக்கறதுக்கு யாரும் கூச்சப்படறதில்லையே. நிக்கற டெஸ்க் வேணும், நீண்ட மீட்டிங்ல நடுவுல எழுந்து நிப்பேன்னு மேனேஜர்கிட்ட சொல்லலாம். எந்த எலும்புன்னு விளக்கணும்னு அவசியம் இல்ல, "முதுகுத்தண்டுப் பிரச்சினை, டாக்டர் சொல்லியிருக்கார்" போதும், அது பொய்யும் இல்ல.

டாக்டர்கிட்ட மட்டும் அப்படிச் சுத்தி வளைக்காதீங்க. எங்க வலிக்குது, எப்ப கூடுது, எழும்போது குத்துதா, எப்பத்திலிருந்து, விழுந்தீங்களா, பிரசவம் ஆச்சா. இந்த ஆறையும் போன்ல எழுதி வெச்சுக்கிட்டு உள்ள போங்க. வாயால சொல்ல வரலைன்னா போனை நீட்டுங்க, அவங்க படிச்சுக்குவாங்க.

அடுத்த எபிசோட்ல தூக்கத்தைப் பத்திப் பேசலாம். அதுவரைக்கும், இதைக் கேட்டு முடிச்சதும் ஒரு தடவை எழுந்து நில்லுங்க மக்களே.